விண்டோஸ் 11: ஏறுவதா, இருந்த இடத்திலேயே இருப்பதா?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் நின்றன. அன்றைக்கு எந்தக் கம்ப்யூட்டரும் அணைந்துவிடவில்லை. மறுநாள் காலையில் கடைகளில் வழக்கம்போல பில் போட்டார்கள், ஆடிட்டர் அலுவலகங்களில் ரிட்டர்ன் தாக்கல் செய்தார்கள், பிள்ளைகள் வீட்டுப்பாடம் டைப் செய்தார்கள். எதுவும் நிற்காததால்தான் 'மாறுவதா வேண்டாமா' என்ற முடிவு பல வீடுகளிலும் கடைகளிலும் இன்னும் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. திரையில் அறிவிப்பு வரும்போதெல்லாம் 'பிறகு பார்க்கலாம்' என்று மூடிவிடுகிறோம்.

இந்த முடிவை எடுக்க உதவுவதற்காக இரண்டு கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் 11-ஐப் போட்டு வேலை செய்து பார்த்தேன். ஒன்று என் வீட்டு லேப்டாப். இன்டெல் ஐ5-8250யு பிராசஸர், 8 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் போட்ட எஸ்எஸ்டி. இன்னொன்று சிவகாசியில் ஒரு நண்பரின் அச்சகத்தில் டிடிபி வேலை பார்க்கும் டெஸ்க்டாப். ஐ5-7400 பிராசஸர், அதே 8 ஜிபி ரேம். கல்யாணப் பத்திரிகை, தினசரி காலண்டர், பில் புக் என்று நாள் முழுக்க ஓய்வில்லாமல் ஓடுகிற மெஷின் அது.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மெஷின் மைக்ரோசாஃப்ட்டின் தகுதிப் பட்டியலில் இருந்து, எஸ்எஸ்டியும் 8 ஜிபி ரேமும் இருந்தால், 11-க்குப் போய்விடுங்கள். தயங்க வலுவான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. பட்டியலுக்கு வெளியே நிற்கும் நல்ல மெஷினை இதற்காகவே எடைக்குப் போடுவது மட்டும் வேண்டாம். அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. எந்த வழி என்பதை அந்த மெஷின் பார்க்கும் வேலைதான் தீர்மானிக்க வேண்டும்.

அப்டேட் நின்றால் என்ன ஆகும்?

"நல்லா ஓடிட்டிருக்கிற மெஷினை எதுக்கு அண்ணாச்சி தொடணும்?" என்று அச்சக நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆபத்து கண்ணுக்குத் தெரியாதபோது யாரும் இப்படித்தான் கேட்பார்கள்.

விஷயம் இதுதான். மாதாமாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட்டை வெளியிடுகிறது. விண்டோஸ் 11-இன் உள்ளே இருப்பதில் பெரும்பகுதி விண்டோஸ் 10-இலிருந்து வந்த அதே நிரல்தான். 11-க்கு ஓட்டை அடைக்கப்பட்டதும், அடைப்பதற்கு முன்பிருந்த கோப்பையும் பின்பு வந்த கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் எந்த இடத்தில் ஓட்டை இருந்தது என்று தேர்ந்தவர்களுக்குத் தெரிந்துவிடும். அதே ஓட்டை 10-இல் திறந்தே கிடக்கும். அதாவது 11-க்கு வரும் ஒவ்வொரு மருந்தும், 10-இல் எங்கே அடிக்கலாம் என்று தாக்குபவர்களுக்குக் காட்டிக்கொடுக்கிறது. அப்டேட் நின்ற சிஸ்டம் அன்றிருந்த நிலையிலேயே இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. மாதத்துக்கு மாதம் அதன் பலம் குறைகிறது.

2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய வான்னாக்ரை தாக்குதலைப் பலர் மறந்திருப்பார்கள். பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. பழைய எக்ஸ்பி மெஷின்களால் வந்த வினை என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. உண்மையில் மாட்டிக்கொண்டவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அந்த ஓட்டைக்கான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்னதாகவே, மார்ச்சிலேயே, வெளியிட்டிருந்தது. போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டினார்கள். சிஸ்டம் எவ்வளவு பழையது என்பதைவிட, ஓட்டை அடைக்கப்பட்டதா என்பதுதான் கேள்வி.

ஆனால் பயமுறுத்தலும் தேவையில்லை. உடனே மாற முடியாதவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஓர் ஆண்டு நீட்டிப்பு தருகிறது. வீட்டு உபயோகக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். சிஸ்டம் செட்டிங்குகளை மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் இலவசம். அல்லது மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1000. அல்லது 30 டாலர். மூன்றில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் வேண்டும், மெஷினில் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும். ஒரே உரிமத்தை 10 கம்ப்யூட்டர்கள் வரை பயன்படுத்தலாம். பெரிய நிறுவனங்களுக்குக் கணக்கு வேறு: முதல் ஆண்டுக்கு மெஷின் ஒன்றுக்கு 61 டாலர், அதன்பிறகு ஒவ்வோர் ஆண்டும் இருமடங்கு, அதிகபட்சம் மூன்று ஆண்டுகள்.

இதோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று: விண்டோஸ் 10-இல் உள்ள டிஃபெண்டர் ஆன்டிவைரஸுக்கு 2028 அக்டோபர் வரை புதிய வைரஸ் குறிப்புகள் வந்துகொண்டிருக்கும். எட்ஜ் பிரவுசரும் அதுவரை கிடைக்கும். இதைக் கேட்டதும் 'அப்புறம் என்ன, 2028 வரை கவலையில்லை' என்று முடிவு கட்டிவிட வேண்டாம். வைரஸ் குறிப்புகள் உள்ளே நுழையும் கெட்ட கோப்பை அடையாளம் காட்டும். சிஸ்டத்தில் இருக்கும் ஓட்டையை அவை அடைக்காது.

ஒன்பது மாத இடைவெளி

இந்த மாற்றத்தில் எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான். அச்சகத்து ஐ5-7400 சந்தைக்கு வந்தது 2017 ஜனவரி. அதற்கு அடுத்த தலைமுறையான ஐ5-8400 வந்தது அதே ஆண்டு அக்டோபர். இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்து, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்துதான் 11-க்குத் தகுதி. விதிவிலக்காக ஏழாம் தலைமுறையில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில பிராசஸர்களை மட்டும் சேர்த்தார்கள். ஒன்பது மாதம் முந்திப் பிறந்த காரணத்தால் அச்சகத்து மெஷின் கோட்டுக்கு வெளியே நிற்கிறது.

மற்ற நிபந்தனைகள் எல்லாவற்றையும் அது பூர்த்தி செய்கிறது என்பதுதான் வருத்தம். பிசி ஹெல்த் செக் என்ற மைக்ரோசாஃப்ட்டின் சோதனை ஆப்பை முதலில் ஓட்டியபோது மூன்று குறைகளைக் காட்டியது: டிபிஎம் இல்லை, செக்யூர் பூட் இல்லை, பிராசஸர் ஆதரிக்கப்படவில்லை. முதல் இரண்டும் இல்லாமல் இல்லை, அணைத்து வைக்கப்பட்டிருந்தன. ரீஸ்டார்ட் செய்து, டெலீட் விசையைத் தட்டி பயாஸுக்குள் போனால், செக்யூரிட்டி பகுதியில் 'இன்டெல் பிளாட்ஃபார்ம் டிரஸ்ட் டெக்னாலஜி' என்று ஒரு வரி இருக்கிறது. அதற்கு எதிரே 'டிஸேபிள்டு' என்று இருந்ததை 'எனேபிள்டு' ஆக்கி, எஃப்10 தட்டிச் சேமித்து வெளியே வந்தால், டிபிஎம் 2.0 வந்துவிட்டது. ஏஎம்டி போர்டுகளில் இதே வசதி எஃப்டிபிஎம் என்ற பெயரில் இருக்கும். 'டிபிஎம் இல்லை, புது மதர்போர்டுதான் போடணும்' என்று யாராவது சொன்னால், பயாஸில் இந்த வரியைப் பார்க்காமல் நம்பிவிடாதீர்கள்.

டிபிஎம் என்பது என்ன வேலை செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்லலாம். டிஸ்கைப் பூட்டும் சாவி, உங்கள் பின் நம்பர், கைரேகை லாகின் ஆகியவற்றுக்கான ரகசியங்களைச் சிஸ்டத்திலிருந்து தனியாகப் பிரித்து வைக்கிறது. மெஷின் துவங்கும்போது ஒவ்வொரு படியிலும் என்ன ஏறியது என்று கணக்கும் வைக்கிறது. செக்யூர் பூட், கையொப்பம் சரிபார்க்கப்படாத எதையும் துவக்கத்தில் ஏறவிடாது. இரண்டும் நல்லவை. விண்டோஸ் 10-இலேயே தங்குபவர்களும் இவற்றை ஆன் செய்துகொள்ளலாம். ஒரு நிபந்தனை: பழைய முறையில், அதாவது லெகசி பயாஸில் எம்பிஆர் டிஸ்க்கோடு இன்ஸ்டால் செய்த மெஷினில், டிஸ்க்கை ஜிபிடிக்கு மாற்றாமல் செக்யூர் பூட்டை ஆன் செய்தால் விண்டோஸ் ஏறாது. அதற்கு விண்டோஸிலேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது. பேக்கப் எடுக்காமல் அதைத் தொட வேண்டாம்.

பிராசஸர் கோட்டுக்கு மைக்ரோசாஃப்ட் 2021 ஆகஸ்டில் ஒரு விளக்கம் சொன்னது. முன்னோட்டச் சோதனையில், தகுதியில்லாத மெஷின்களில் கெர்னல் அளவில் சிஸ்டம் விழுவது 52 சதவீதம் அதிகமாக இருந்ததாம், தகுதியுள்ளவற்றில் 99.8 சதவீதம் விழாத அனுபவமாம். இந்த இரண்டு எண்களையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஆயிரத்தில் இரண்டு என்பது ஆயிரத்தில் மூன்றாக ஆவதைத்தான் 52 சதவீதம் என்கிறார்கள். இவ்வளவு சிறிய வித்தியாசத்துக்காக லட்சக்கணக்கான நல்ல மெஷின்களை வெளியே நிறுத்துவது சரி என்று எனக்குப் படவில்லை. புதிய தலைமுறைப் பிராசஸர்களில் நினைவகப் பாதுகாப்பு அம்சங்கள் குறைந்த சுமையில் ஓடும் என்ற வாதத்தில் சாரம் இருக்கிறது. ஆனால் அந்தச் சுமையைத் தாங்கிக்கொள்வதா வேண்டாமா என்று மெஷினின் சொந்தக்காரரிடம் விட்டிருக்கலாம்.

ஏறுவதற்கு முன்னால்

லேப்டாப்பை மாற்றியது சுலபமாகவே நடந்தது. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அழைப்பு இருந்தது, கட்டணம் இல்லை. கோப்புகள், மென்பொருள்கள், லாகின் எல்லாம் இருந்தபடியே வந்து சேர்ந்தன. ஆனால் அந்தப் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பெரும்பாலான சோகக் கதைகள் இங்கேதான் உருவாகின்றன.

பேக்கப் என்றால் டி டிரைவுக்கு மாற்றி வைப்பது அல்ல. ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதிகள்தான் சியும் டியும். டிஸ்க் போனால் இரண்டும் போகும். வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ கிளவுடிலோ நகல் இருக்க வேண்டும். கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள் அதற்குள்ளேயே இருக்கும் பேக்கப் வசதியால் தனியாக ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது டவுன்லோடு. இன்ஸ்டால் கோப்பு 5 ஜிபிக்கு மேல். தினம் 1.5 ஜிபி தரும் மொபைல் பேக்கை ஹாட்ஸ்பாட் போட்டு இதை முடிக்க முடியாது. ஃபைபர் இணைப்பு உள்ள இடத்தில் 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில், மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு தயார் செய்து எடுத்துவந்தால் போதும். எத்தனை மெஷினுக்கு வேண்டுமானாலும் பயன்படும். டெஸ்க்டாப்பாக இருந்தால் யுபிஎஸ் பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். பாதி வழியில் கரண்ட் போனால் பெரும்பாலும் அது பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்றாலும், அந்தச் சோதனை உங்கள் மெஷினில் நடக்க வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பிட்லாக்கர் சாவி. பல லேப்டாப்புகளில் டிஸ்க் என்க்ரிப்ஷன் சொல்லாமலே ஆன் ஆகியிருக்கும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக இன்ஸ்டால் செய்து மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் நுழைந்தால், ஹோம் பதிப்பில்கூட இது இயல்பாகவே ஆன் ஆகிவிடுகிறது. பயாஸில் எதையாவது மாற்றினால் மறுமுறை ஆன் செய்யும்போது நீலத் திரை வந்து 48 இலக்கச் சாவியைக் கேட்கும். சாவி இல்லாவிட்டால் குழந்தையின் ஃபோட்டோவிலிருந்து கம்பெனி கணக்கு வரை எதுவும் திரும்பக் கிடைக்காது. எந்த சர்வீஸ் சென்டராலும் திறக்க முடியாது. அந்தச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் பக்கத்தில் இருக்கும். பெரும்பாலான வீடுகளில் லேப்டாப் வாங்கிய அன்று கடைக்காரரோ அக்கா பையனோ ஏதோ ஒரு மெயில் ஐடி போட்டு ஆரம்பித்துக் கொடுத்திருப்பார்கள். அந்த ஐடி எது, பாஸ்வேர்டு என்ன என்று இன்றைக்கே தேடுங்கள். நீங்கள் 11-க்கே போகாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். 48 இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.

மாறிய பிறகு பிடிக்கவில்லை என்றால், 10 நாட்களுக்குள் செட்டிங்ஸில் ரெக்கவரி பக்கத்திலிருந்து பழைய 10-க்குத் திரும்பலாம். அதற்குள் டிஸ்க்கில் இடம் வேண்டும் என்று 'விண்டோஸ் ஓல்டு' ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள். திரும்பும் வழி அதற்குள்தான் இருக்கிறது. அந்த நாட்களுக்குள் உங்கள் பிரிண்டர், ஸ்கேனர், டிஜிட்டல் கையொப்ப டோக்கன், கைரேகைக் கருவி எல்லாவற்றையும் ஒரு முறையாவது இயக்கிப் பாருங்கள். ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் கடைசி நாளில் டோக்கன் டிரைவர் வேலை செய்யவில்லை என்று தெரியவருவது யாருக்கும் வேண்டாம்.

வேலை செய்து பார்த்ததில்

லேப்டாப்பில் வேகம் முன்பிருந்தபடியே இருக்கிறது. கூடியதாகவோ குறைந்ததாகவோ எனக்குத் தெரியவில்லை. எஸ்எஸ்டி இருந்ததால் இது சாத்தியமாயிற்று. சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒரே பெரிய கோப்பைத் தொடர்ந்து படிக்கும்போது வினாடிக்கு 100 எம்பி அளவில் தரும்; சிதறிக்கிடக்கும் ஆயிரம் சிறு கோப்புகளைப் படிக்கச் சொன்னால் அதன் ஊசி அங்குமிங்கும் அலைந்து ஒரு எம்பிக்கே திணறும். விண்டோஸ் துவங்கும்போது கேட்பது அந்த ஆயிரம் சிறு கோப்புகளைத்தான். 11 பின்னணியில் இன்னும் அதிகமாகக் கேட்கிறது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்பதைப் பார்த்துவிட்டு 'பதினொன்று ஸ்லோ' என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஹார்ட் டிஸ்க்கோடு 11-க்குப் போகாதீர்கள். மைக்ரோசாஃப்ட் 4 ஜிபி ரேம் போதும் என்று எழுதியிருக்கிறது. பிரவுசரில் நாலு டேப் திறந்தாலே அது போதாது.

புது வசதிகளில் தினமும் கை தேடிப் போகிற ஒன்று ஸ்னாப் லேஅவுட். விண்டோவின் மேல்மூலையில் உள்ள பெரிதாக்கும் பொத்தான் மேல் மவுஸை வைத்தால் திரையை எப்படிப் பிரிக்கலாம் என்று கட்டங்கள் விரிகின்றன. இடது பக்கம் பிடிஎஃப், வலது பக்கம் எழுதும் கோப்பு என்று ஒரு நொடியில் அமைத்துக்கொள்ளலாம். மொழிபெயர்ப்பாளர்களுக்கும் புரூஃப் பார்ப்பவர்களுக்கும் இது பெரிய உதவி. ஃபைல் எக்ஸ்ப்ளோரரிலும் நோட்பேடிலும் டேப் வந்திருக்கிறது. நோட்பேடில் எழுதியதைச் சேமிக்காமல் மூடினாலும் மறுபடி திறக்கும்போது அப்படியே இருக்கிறது.

பின்னடைவுகளும் உண்டு. ரைட் கிளிக் மெனுவைச் சுருக்கி, நாம் தேடுவதை 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் தள்ளியிருக்கிறார்கள். ஒரு கிளிக்கில் முடிந்த வேலைக்கு இரண்டு கிளிக். ஷிஃப்ட்டோடு எஃப்10 தட்டினால் பழைய மெனு நேராக வரும். நாள் முழுக்கக் கோப்புகளோடு மல்லுக்கட்டுபவர்கள் இதைப் பழகிக்கொள்ளுங்கள். டாஸ்க்பாரைத் திரையின் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளும் வசதியையும் 11 வெளிவந்தபோது எடுத்துவிட்டார்கள். அகலமான மானிட்டரில் பக்கம் வடிவமைப்பவர்களுக்கு உயரம் முக்கியம். அவர்களுடைய பல ஆண்டுப் பழக்கத்தைக் கலைப்பதற்கு அழகு ஒரு காரணமாக இருக்கக் கூடாது. ஸ்டார்ட் மெனு நடுவில் இருப்பது பெரிய விஷயமில்லை. செட்டிங்ஸில் இடது பக்கம் மாற்றிவிடலாம்.

தமிழ் டைப்பிங்கில் எந்த இழப்பும் இல்லை. 10-இல் வைத்திருந்த தமிழ் 99, போனடிக் கீபோர்டுகள் அப்படியே தொடர்கின்றன. விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் தட்டினால் மாறுகின்றன. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களும் காப்பி செய்து போட்டால் வேலை செய்கின்றன. அப்கிரேடு செய்யாமல் புதிதாக இன்ஸ்டால் செய்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. புது இன்ஸ்டாலில் வரும் ஸ்மார்ட் ஆப் கன்ட்ரோல் என்ற பாதுகாப்பு அம்சம், கையொப்பமில்லாத பழைய மென்பொருள்களைத் திறக்கவிடாமல் தடுக்கக்கூடும். பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முன்னால் எழுதப்பட்ட தமிழ் கீபோர்டு மென்பொருள்கள் அந்த வகையில் வரலாம்.

அச்சகத்து மெஷின்

தகுதியில்லாத மெஷினில் 11-ஐ ஏற்றுவது ஒன்றும் முடியாத காரியமில்லை. ரூஃபஸ் என்ற இலவசக் கருவியால் பென்டிரைவ் தயாரிக்கும்போது தகுதிச் சோதனையை நீக்கச் சொல்லலாம். நண்பரின் டிஸ்க்கைத் தொடாமல், வேறொரு எஸ்எஸ்டியை மாட்டி அதில் ஏற்றினேன். எந்தத் தடங்கலும் இல்லாமல் ஏறியது, நன்றாகவே ஓடியது. பக்க வடிவமைப்பு மென்பொருள் திறந்தது, பிரிண்டருக்கு வேலை போயிற்று.

சிக்கல் வந்தது வேறு இடத்தில். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'கோர் ஐசொலேஷன்' பக்கத்துக்குப் போய் 'மெமரி இன்டெக்ரிட்டி'யை ஆன் செய்யப் பார்த்தால் மறுத்தது. 'பொருந்தாத டிரைவர்களைப் பாருங்கள்' என்று ஒரு வரி. அதை அழுத்தினால் ஒரு கோப்பின் பெயர்: பழைய மென்பொருள் ஒன்றுக்காக யுஎஸ்பியில் செருகியிருக்கும் டாங்கிளின் டிரைவர். அந்த டாங்கிள் இல்லாமல் அந்த மென்பொருள் திறக்காது. அந்த டிரைவர் இருக்கும்வரை இந்தப் பாதுகாப்பு ஆன் ஆகாது. 11-க்குப் போவதால் கிடைக்கும் பெரிய பலன்களில் ஒன்று இந்த மெஷினில் கிடைக்கப் போவதில்லை. இதே பக்கம் விண்டோஸ் 10-இலும் இருக்கிறது. மாறுவதற்கு முன்னால் அங்கேயே ஒரு முறை ஆன் செய்து பாருங்கள். எந்தப் பழைய டிரைவர் வழிமறிக்கும் என்பது தெரிந்துவிடும்.

டிடிபி கடைக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே கிடையாது. பழைய மென்பொருளுக்காக 32-பிட் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் நேராக அப்கிரேடு செய்ய முடியாது. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத்தான் போட வேண்டும். 16-பிட் காலத்து மென்பொருள்கள் அதில் ஓடவே ஓடாது. செட்டிங்ஸில் 'அபவுட்' பக்கத்தில் 'சிஸ்டம் டைப்' என்ற வரியைப் பார்த்தால் உங்களுடையது எது என்று தெரியும்.

சோதனையை நீக்கி ஏற்றிய மெஷினுக்கு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. அப்படி எழுதியே வைத்திருக்கிறது. மாதாந்திர அப்டேட்டுகள் பொதுவாக வருகின்றன. ஆனால் ஆண்டுதோறும் வரும் புதுப் பதிப்பு தானாக வராது. ஹோம், புரோ பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஆயுள் 24 மாதம். ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது பென்டிரைவோடு யாராவது உட்கார்ந்து கையால் ஏற்ற வேண்டும். தெரிந்தவர் வீட்டில் இருந்தால் சரி. நாள் தவறாமல் வேலை நடக்க வேண்டிய கடைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கோர் 2 டூயோ காலத்து மெஷின் என்றால் இந்த வழியும் இல்லை. 24எச்2 கேட்கும் கட்டளை அந்தப் பிராசஸர்களில் இல்லாததால் துவங்கவே துவங்காது.

'போட்டுத் தர்றேன் சார், ஐந்நூறு ரூபாய்' என்று சொல்லும் சர்வீஸ் கடைகளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இன்ஸ்டால் கோப்பு மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கியதா? யாரோ வெட்டி ஒட்டி 'லைட்' என்று பெயரிட்ட கோப்பையும், கூடவே ஒரு ஆக்டிவேட்டரையும் போட்டால், பாதுகாப்புக்காகச் செய்யும் வேலையே மெஷினைத் திறந்துவிட்டுவிடும். அதைவிட விண்டோஸ் 10-இலேயே இருப்பது மேல்.

அச்சகத்து மெஷினை 10-இலேயே வைப்பது என்று முடிவு செய்தோம். நீட்டிப்பில் சேர்த்துவிட்டோம், 2026 அக்டோபர் வரை கவலையில்லை. அதன்பிறகு அதை இன்டர்நெட்டிலிருந்து துண்டித்து டிடிபிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது நண்பரின் யோசனை. யோசனை நல்லதுதான், பாதி மட்டும். அச்சகங்களுக்கும் ஜெராக்ஸ் கடைகளுக்கும் வைரஸ் வருவது பெரும்பாலும் வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவ் வழியாக. இன்டர்நெட் இல்லாத மெஷினில் டிஃபெண்டர் குறிப்புகளும் புதுப்பிக்கப்படாது. ஆகவே வெளியாள் பென்டிரைவையும் வாட்ஸப்பில் வரும் கோப்பையும் வாங்க வேறொரு மெஷின் இருக்க வேண்டும். அங்கே சோதித்த பிறகுதான் டிடிபி மெஷினுக்குப் போக வேண்டும்.

அந்த இரண்டாவது மெஷினுக்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. கடையின் மூலையில், 2011-இல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் நண்பரின் மகளுக்குக் கிடைத்த லேப்டாப் தூசி படிந்து கிடந்தது. 2017-க்கு முந்தையது என்பதால் 11-க்கு அதற்குத் தகுதி இல்லை. அதில் எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு லினக்ஸ் மின்ட் 22-இன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ஏற்றினோம். 2029 வரை அதற்குப் பாதுகாப்பு அப்டேட் வரும். கட்டணம் இல்லை, தகுதிப் பட்டியல் இல்லை. தமிழ் 99-உம் அதில் டைப் செய்யலாம். விண்டோஸுக்கு எழுதிய வைரஸ் பென்டிரைவில் வந்தாலும் லினக்ஸில் அது வழக்கமாக ஓடாது. மெயில் பார்க்க, வாட்ஸப் வெப் திறக்க, பிடிஎஃப் சரிபார்க்க அது தாராளமாகப் போதும். கோரல்டிராவும் கணக்கு மென்பொருளும் லினக்ஸில் ஓடாது என்பதால் முழுக் கடையையும் அதற்கு மாற்றச் சொல்ல மாட்டேன். வீட்டில் பிரவுசரும் ஆபீஸ் கோப்புகளும் மட்டும் பயன்படுத்துபவர்கள் தயங்காமல் மாற்றிப் பார்க்கலாம். பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துவிட்டு, வைஃபையும் பிரிண்டரும் வேலை செய்கின்றன என்று உறுதியான பிறகு இன்ஸ்டால் செய்யுங்கள்.

இப்போது வாடிக்கையாளர் பென்டிரைவ் எதுவும் டிடிபி மெஷினில் ஏறுவதில்லை. அடுத்த காலண்டர் சீசன் முடிந்ததும் அந்த மென்பொருளின் டாங்கிள் இல்லாத பதிப்புக்கு விலை கேட்கப் போகிறார் நண்பர். அது அமைந்தால் புது மெஷினும் விண்டோஸ் 11-உம் சேர்ந்தே வரும். ஐ5-7400-க்கு அதற்குப் பிறகு லினக்ஸ்தான்.